மாக்கோழியும் திரைக்கொலையும்

நடிப்பில் நிகழும் கொலையைக் கண்டு களிப்பது இம்சையாகுமா, ஆகாதா? நமது இல்லங்களில் பெரியோர்க்கும் இளையோர்க்கும் இடையே அடிக்கடி எழுகின்ற வினா இது. பெரியோர், கொலையைக் காட்டும் எதனையும் சிராவகர் காணலாகாது என்பர். இளையோரோ, "திரையில் எவரும் உண்மையாகச் சாவதில்லையே, நடித்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார், எந்த உயிருக்கு என்ன தீங்கு நேர்ந்தது?" என்று கேட்பர். இரு திறத்தாரும் தத்தம் கூற்றைச் சொல்லி முடித்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. வினா மட்டும் அப்படியே இருக்கிறது.

இதனை ஆராய்வதற்கு இன்றைய வண்ணப் படங்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் பெருகும் குருதியும் கொடுமையுமே பேச்சை முழுவதும் பற்றிக்கொள்ளும். ஆகவே நாம் வேறு வகைப் படங்களை எடுத்துக்கொள்வோம். பேசும்படம் தோன்றிய முதற் சில ஆண்டுகளில் அமெரிக்காவில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைக் கொலை மர்மப் படங்கள் அவை. அவற்றில் குருதி பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. கொலை ஒன்று, ஐயத்துக்குரியோர் பலர், துப்பறிவார் ஒருவர், முடிவில் விடை, அவ்வளவே. உரிமைப் பதிவு புதுப்பிக்கப்படாமையால் இவற்றுட் பல பொதுச்சொத்தாகிவிட்டன. கைப்பேசி வைத்திருக்கும் எவரும் இன்று கட்டணமின்றிக் காணலாம். நம் பேரக்குழந்தைகளும் காண்கின்றனர். வேறு குற்றம் மிகுதியாகச் சொல்ல முடியாத இப்படங்களிலேயே நமது வினாவைத் தெளிவாகச் சோதித்துப் பார்க்கலாம்.

வறுமை வரிசை

1928-இல் வெளிவந்த 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்' என்பதே தொடக்கம் முதல் முடிவு வரை உரையாடல் நிறைந்த முதல் முழுநீளப் பேசும்படம். இரவு விடுதி, கள்ளச் சாராயம், ஒரு கொலை என்பவையே அதன் பொருள். ஏறத்தாழ 23,000 டாலரில் எடுக்கப்பட்ட அப்படம் பத்து இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. சினிமா வாய்திறந்து பேசக் கற்றுக்கொண்ட நாளிலேயே கொலையைப் பற்றிப் பேசியது என்பதும், அது நல்ல வாணிகமாயிற்று என்பதும் கருதத்தக்கன.

1929-இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதாரச் சரிவு நேர்ந்தது. மக்கள் கையில் காசில்லை. அரங்கத்தார் ஒரு சீட்டுக்கு இரண்டு படம் காட்டி மக்களை அழைத்தனர். முதற்படம் பெரிய நிறுவனத்தினுடையது. இரண்டாம் படம் மலிவாகக் கிடைத்தாக வேண்டும். அத்தேவையைச் சிறு நிறுவனங்கள் பல நிறைவு செய்தன. மோனோகிராம், மாஸ்காட், மெஜஸ்டிக், செஸ்டர்ஃபீல்டு, இன்வின்சிபிள், டிஃபானி முதலியன அவை. ஹாலிவுட்டில் கோவர் தெருவைச் சூழ்ந்திருந்த இவற்றை 'வறுமை வரிசை' என்று கேலியாக அழைத்தனர். ஒரு வாரத்தில் அல்லது பத்து நாட்களில் ஒரு படத்தை எடுத்து முடிப்பது இவற்றின் வழக்கம். படம் ஒரு மணி நேரமோ சிறிது கூடுதலாகவோ ஓடும்.

இந்நிறுவனங்கள் கொலை மர்மத்தை விரும்பியதற்குக் காரணம் எளியது. ஒரே மாளிகை, ஒரே இரவு, அறைக்குள் அமர்ந்து பேசும் பத்துப் பேர் இருந்தால் கதை நடந்துவிடும். ஒலிவாங்கியை அங்குமிங்கும் நகர்த்துவது கடினமாயிருந்த காலத்தில் அறைக்குள் நடக்கும் பேச்சு வசதியானது. விளக்கை அணைத்து, ஓர் அலறலை ஒலிக்கச் செய்து, மீண்டும் விளக்கை ஏற்றினால் தரையில் ஒருவர் கிடப்பார். இருளுக்குச் செலவில்லை, அலறலுக்கும் செலவில்லை. நியூயார்க் நாடக மேடையில் 1920-இல் 'தி பேட்', 1922-இல் 'தி கேட் அண்ட் தி கேனரி' ஆகிய மர்ம மாளிகை நாடகங்கள் பெற்ற வெற்றியும் இதற்கு வழிகாட்டியது.

மாக்கோழி

திரையில் எவரும் சாவதில்லை என்ற இளையோர் கூற்றுக்கு வருவோம். இக்கூற்று நமக்குப் புதியதன்று. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தின் நடுநாயகமான செய்தியே இதுதான். தாய் சந்திரமதி தேவதைக்குப் பலியிடுமாறு வற்புறுத்தியபோது, உயிர்க்கொலைக்கு அஞ்சிய யசோதர மன்னன் மாவினால் ஒரு கோழி செய்து அதனை வெட்டினான். மாவுக்கு உயிரில்லை, வலியில்லை. ஆயினும் மன்னனும் தாயும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். உயிரற்ற ஒன்றை வெட்டியதற்கு ஏன் இத்துணைத் துன்பம்? வாள் மாவின்மேல் விழுந்தபோது மன்னனின் மனத்தில் இருந்தது கோழி. வினை கட்டுவது கருத்தினால் என்பதே காவியம் தரும் விடை.

அப்படியாயின் திரைக்கொலையும் மாக்கோழிதானே, பெரியோர் கூற்று உறுதியாயிற்றே என்று எண்ணலாம். அவசரப்பட வேண்டா. யசோதரன் பலி கொடுக்கச் சங்கற்பித்தான். படம் பார்ப்பவர் எவரையும் கொல்லச் சங்கற்பிப்பதில்லை. கொலையைத் தீது என்று காட்டி, கொன்றவரைச் சட்டத்தின்முன் நிறுத்தும் கதையை அவர் காண்கிறார். இந்த வேறுபாடு சிறியதன்று. ஆகவே 'திரையில் கொலை இருக்கிறதா?' என்று கேட்பது போதாது. 'காண்பவர் மனத்தில் என்ன நிகழ்கிறது?' என்று கேட்க வேண்டும். அதற்கான அளவுகோல் நம் ஆசாரியர்களிடம் உண்டு.

நூற்றெட்டுக் கணக்கு

உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் வினை ஊற்றுக்கு உயிர் எவ்வாறு இடமாகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. செயல் ஒன்றுக்குப் படிகள் மூன்று: செய்யத் துணிதல், அதற்கு வேண்டியவற்றைத் திரட்டுதல், செய்யத் தொடங்குதல். இவற்றின் வாயில்கள் மூன்று: மனம், மொழி, மெய். முறைகள் மூன்று: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படல். தூண்டுவன நான்கு: குரோதம், மானம், மாயை, உலோபம். இவற்றைப் பெருக்கினால் 108. செபமாலையின் 108 மணிகளுக்கு இக்கணக்கையே காரணமாகச் சொல்லும் வழக்கமும் உண்டு.

துப்பறியும் படத்தையும் இக்கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அப்படங்களில் கொலையுண்பவர் பெரும்பாலும் செல்வர், கடுமையானவர், பலருடைய வெறுப்புக்கு ஆளானவர். முதல் பத்து நிமிடங்களில் மருமகன், செயலர், தோட்டக்காரர், மருத்துவர் என ஒவ்வொருவருக்கும் அவரை ஒழிக்கக் காரணம் இருப்பதாகக் காட்டுவார்கள். பிறகு துப்பறிவார் வந்து ஒவ்வொருவராக விசாரித்து, முடிவில் ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறார். மற்ற அனைவரும் குற்றமற்றவர் எனப் பெருமூச்சு விட்டுக் கலைகின்றனர்.

சட்டத்தின்படி அது சரியே. எண்ணத்துக்குத் தண்டனை விதிக்கும் அரசு கொடுங்கோல் அரசாகிவிடும். ஆனால் வினையின் கணக்கு அப்படி முடிவதில்லை. 'இவன் ஒழியட்டும்' என்று மனத்தால் துணிந்த மருமகன், துப்பாக்கியைத் தேடி எடுத்து வைத்திருந்த செயலர், பிறர் கொன்றதை அறிந்து உள்ளூர மகிழ்ந்த உறவினர் ஆகிய இவர்கள் எல்லாரும் நூற்றெட்டில் ஏதோ ஒரு கட்டத்தில் நிற்கின்றனர். 'புருஷார்த்த சித்தியுபாயம்' இயற்றிய அமிருதசந்திர ஆசாரியர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். கொல்லாமலே கொலையின் பயனை எய்துவோரும் உண்டு. ஒருவர் செய்ய, பலர் பயன் எய்துவதும் உண்டு. பலர் செய்ய, ஒருவரே எய்துவதும் உண்டு என அவர் காட்டுகிறார். துப்பறிவாரின் கேள்வி 'எந்தக் கை செய்தது?' என்பது. அறத்தின் கேள்வி 'எந்தெந்த மனங்கள் விரும்பின?' என்பது.

மோனோகிராம் நிறுவனம் 1932-இல் வெளியிட்ட 'தி தர்ட்டீன்த் கெஸ்ட்' இதற்கு நல்ல சான்று. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாளிகையில் நடந்த விருந்தில் பதின்மூன்றாம் இருக்கை காலியாயிருந்தது. பூட்டிக் கிடந்த அம்மாளிகையில் இப்போது உறவினர் சிலர் கொல்லப்பட்டு, அதே மேசையில் தத்தம் இருக்கையில் பிணமாக அமர்த்தப்படுகின்றனர். தொலைபேசியைத் தொட்டவுடன் மின்சாரம் பாய்ந்து அவர்கள் இறக்கின்றனர். கொல்பவர் மறைவிடத்தில் நின்று ஒரு விசையை இழுப்பதோடு சரி. இவ்வளவுக்கும் பின்னணியில் இருப்பது குடும்பச் சொத்து. கொன்றவரின் கை எவர்மேலும் படவில்லை. மின்கம்பி இழுத்தது, விசை பொருத்தியது, காத்திருந்தது ஆகிய எல்லாம் இரண்டாம் படியான திரட்டுதலில் அடங்கும். தூண்டியது உலோபம். அதே மாளிகையைச் சுற்றி உலவும் பிற உறவினரிடமும் அந்த உலோபம் இல்லாமலில்லை. சொத்துப் பிரிவினையில் அண்ணன் தம்பி முகம் பாராமற் போன குடும்பங்களை அறிந்தவர்க்கு இது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

வௌவாலை நேசித்தவன்

மெஜஸ்டிக் நிறுவனம் 1933-இல் வெளியிட்ட 'தி வேம்பயர் பேட்' என்னும் படம் நம் கவனத்துக்கு இன்னும் உரியது. பிராங்க் ஸ்ட்ரேயர் இயக்கிய இப்படத்துக்கு யுனிவர்சல் நிறுவனத்தின் அரங்குகளை வாடகைக்குப் பெற்று இரவு நேரங்களில் படமெடுத்தனர். கதை நிகழ்வது ஐரோப்பியச் சிற்றூர் ஒன்றில். குருதி வற்றிய பிணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கின்றன. இரத்தம் குடிக்கும் பேயின் வேலை இது என்று ஊரார் முடிவு செய்கின்றனர். அவ்வூரில் ஹெர்மன் என்னும் பேதை ஒருவன் இருக்கிறான். அவன் செய்த 'குற்றம்' ஒன்றே: வௌவால்களிடம் அன்பு காட்டுகிறான். பிறர் அருவருக்கும் சிற்றுயிரை அவன் மெத்தென்றிருக்கிறது என்று தடவிக் கொடுக்கிறான். அவ்வளவு போதுமானதாகிவிடுகிறது. ஊரார் தீப்பந்தங்களோடும் நாய்களோடும் அவனைத் துரத்துகின்றனர். அவன் குகையொன்றில் குதித்து மாய்கிறான்.

உண்மையில் அக்கொலைகளைச் செய்வித்தவர் ஊரே மதிக்கும் மருத்துவர். ஆய்வுக் கூடத்தில் தாம் உண்டாக்கிய உயிர்ப்பொருளுக்கு ஊட்டுவதற்காக மனிதக் குருதியைத் திரட்டுகிறார். அதற்கும் தம் கையை நீட்டுவதில்லை; தம் மனவலிமைக்கு அடிமைப்படுத்திய பணியாளைக்கொண்டு செய்விக்கிறார். அறிவியல் சாதனைக்கு முன் சில உயிர்கள் பெரிதல்ல என்பது அவர் வாதம்.

இப்படத்தில் செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் தனித்தனி முகங்களோடு நிற்கின்றன. தன் நினைவின்றிச் செய்தவன் பணியாள். செய்வித்தவர் மருத்துவர். உடன்பட்டோர், சான்று எதுவுமின்றி வதந்தியை ஏற்றுத் தலையசைத்த ஊர்ப் பெரியோர். முடிவில் மருத்துவரின் குற்றம் வெளிப்பட்டுவிடுகிறது, படமும் நிறைவுறுகிறது. ஆனால் ஹெர்மனைக் கொன்றவர் யார் என்று எவரும் கேட்பதில்லை! கொலையாளியைக் கண்டுபிடிப்பதற்கென்றே எடுத்த படம், கண்முன் ஊரே கூடிச் செய்த ஒரு கொலையை விசாரிக்காமல் முடிந்துபோகிறது. துப்பறிவாரும் விட்டுவிட்டார், அரங்கத்தில் இருந்தவர்களும் விடை கிடைத்த நிறைவோடு எழுந்து போயிருப்பர்.

இதனை அப்படத்தின் குறை என்று மட்டும் சொல்லி நாம் விலகிவிட முடியாது. எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர் வாயிலிருந்தே, 'அவன்தான் செய்திருப்பான்' என்ற சொல் எளிதாக வருவதைக் கேட்டிருக்கிறோம். வீட்டில் நகை காணாமற் போனால் முதலில் யாரை நினைக்கிறோம்? தெருவில் தவறு நேர்ந்தால் யார் பெயரைச் சொல்கிறோம்? எளியவர், தனித்தவர், நம்மைப் போல் பேசாதவர் ஆகியோரையே நம் ஐயம் முதலில் தேடிச் செல்கிறது. மொழியால் செய்யும் இம்சை நூற்றெட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

காண்பவர் நிற்கும் இடம்

இனிக் காண்பவர் மனத்துக்கு வருவோம். வீணான பாவம் என்னும் அநர்த்த தண்டத்தை ஐந்தாகப் பகுத்துச் சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் கூறும். அதனைத் தமிழில் நமக்குத் தரும் அருங்கலச்செப்பையும் நம்மவர் பலர் பயின்றிருப்பர். அவ்வைந்தில் இரண்டு இங்கே பொருந்தும். ஒன்று, பிறர்க்குக் கேடு நினைத்தல். மற்றொன்று, மனத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்டல். அன்றியும், இம்சையில் இன்பம் காண்பதை ரௌத்திரத் தியானத்தின் முதல் வகையாக ஆசாரியர்கள் வைத்துள்ளனர். இம்சானந்தம் என்பது அதன் பெயர். கொல்வது வேறு, கொலையில் இன்பம் காண்பது வேறு, இரண்டும் கட்டுகின்றன.

துப்பறியும் படம் காண்பவர் இன்பம் காண்பது கொலையிலா, புதிரிலா? புதிரில்தான் என்பது நேர்மையான விடை. இளையோர் பக்கம் உள்ள நியாயம் இது. அதனை நாம் மறுக்கலாகாது. புதிரை விடுவிக்கும்போது அறிவு விழிப்புறுகிறது. சிறு குறிப்பையும் விடாமல் கவனிக்கப் பழகுகிறது. தோற்றத்தை நம்பி முடிவு செய்யலாகாது என்று கற்றுக்கொள்கிறது. பலரும் ஒரு பொருளின் ஒவ்வொரு பக்கத்தையே காண்கின்றனர் என்னும் அனேகாந்தக் கருத்துக்கு, பல சாட்சிகளின் கூற்றைச் சீர்தூக்கும் துப்பறியும் கதை தொலைவான உறவினர் என்றுகூடச் சொல்லலாம்.

ஆயினும் புதிருக்குக் கணக்குப் பாடத்தில் மாங்காய்களை வைக்கலாம். இங்கே ஒரு மனித உடலை வைத்திருக்கிறார்கள். பல்லாண்டு வகுப்பறையில் நின்றவர்கள் அறிவோம்: மாணவர் கணக்கைப் போடும்போது மாங்காயைப் பற்றி நினைப்பதில்லை. அவ்வாறே இப்படங்களில் இறந்தவரைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. பிணம் கிடந்த அறையிலேயே செய்தியாளர் வேடிக்கை பேசுகிறார். காவலர் கேலி செய்கிறார். 1933-இல் வந்த 'எ ஷ்ரீக் இன் தி நைட்' என்னும் படத்தில் நாயகனும் நாயகியும் போட்டிப் பத்திரிகைகளின் செய்தியாளர்கள். ஒருவரது சாவு அவர்களுக்கு யார் முந்துவது என்னும் பந்தயப் பொருளாகிறது. படம் முடிந்ததும் கொன்றவர் பெயர் நமக்கு நினைவிருக்கும். இறந்தவர் பெயர் பெரும்பாலும் நினைவிராது. அவருக்காக ஒருவரேனும் அழுதாரா என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாது.

குற்றம் இருப்பது இங்கேதான் என்பது நமது துணிபு. கொலையைக் காட்டியது அன்று. இறப்பை இறப்பாக நிற்கவிடாமல் வெறும் வினாத்தாளாக மாற்றியதே குற்றம். காண்பவர் கொலைக்கு உடன்படவில்லை. ஆனால் ஓர் உயிர் போனது பொருட்டன்று என்பதற்கு உடன்பட்டுவிடுகிறார். முதல் பத்து நிமிடங்களில் அந்தச் செல்வரை வெறுக்கத்தக்கவராகக் காட்டியதும் இதற்காகவே. 'இவன் போனால் நல்லது' என்று நாமும் நினைத்துவிட்டால், பிறகு துக்கம் குறுக்கிடாது. அந்த நொடியில் நாம் ஐயத்துக்குரியோர் வரிசையில் சென்று நின்றுகொள்கிறோம்.

இப்பழக்கம் திரையோடு நின்றுவிட்டால் கவலையில்லை. நாளிதழில் கொலைச் செய்தி வருகிறது. காலையில் அதனைப் படிக்கும்போது நமக்கு எழும் முதற் கேள்வி என்ன? 'யார் செய்தார்களாம்?', 'என்ன தகராறாம்?' என்பவையே. இறந்தவருக்கு எத்தனை குழந்தைகள், அவர்கள் இன்று யார் வீட்டில் உண்கிறார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. துக்க வீட்டுக்குச் சென்றவரும் வாசலில் நின்று விவரம் சேகரிப்பதைக் காண்கிறோம். துயருற்ற தாயிடம் புதிரின் விடையைக் கேட்கிறோம். மாக்கோழியை வெட்டிப் பழகிய கை, மெய்யான கோழிக்கு முன்னும் கூசாமற் போகும் என்பதே யசோதரன் கதையின் எச்சரிக்கை.

வறுமை தந்த அடக்கம்

இவ்விடத்தில் இப்படங்களுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய படங்கள் போல் இவை குருதியைக் காட்டிச் சுவைக்கவில்லை. கதவுக்குப் பின்னால், நிழலில், விளக்கணைந்த நொடியில் கொலை நிகழ்ந்துவிடுகிறது. இவ்வடக்கத்துக்குக் காரணம் இரண்டு. முதலாவது வறுமை. இரண்டாவது, அமெரிக்கத் திரைத்துறை 1930-இல் ஏற்றுக்கொண்டு 1934-இல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய ஒழுங்கு விதிகள். கொடிய கொலைகளை விவரமாகக் காட்டலாகாது, கொலை செய்யும் முறை பிறர் பின்பற்றுமாறு அமையலாகாது, இக்காலத்து வாழ்வில் பழிவாங்குதலை நியாயப்படுத்தலாகாது என அவ்விதிகள் கூறின. 1968-இல் அவ்விதிகள் கைவிடப்பட்டு, வயதுக்கேற்ற தரப் பகுப்பு வந்தது. கட்டு நீங்கியதும் அடக்கமும் நீங்கியது.

பணமின்மையாலும் விதிக்கு அஞ்சியும் வந்த அடக்கத்துக்குப் பயன் உண்டா? நம் ஆசாரியர்கள் இதற்கும் விடை கூறியுள்ளனர். சிறைப்பட்டவன் உணவின்றிப் பசி தாங்குகிறான். அவன் நோன்பு நோற்கவில்லை, உணவு கிடைக்கவில்லை. அமைதியாகத் தாங்கினால் அவனுக்கும் சிறிது வினை உதிர்கிறது. அகாம நிர்ஜரை என்பது அதன் பெயர். தானே விரும்பி நோற்பவனின் உதிர்ப்புக்கு அது ஈடாகாது, ஆயினும் வீணன்று. வறுமை வரிசைப் படங்களின் அடக்கம் இத்தகையதே. அருளினால் வந்ததன்று, எனினும் அரங்கத்தில் அமர்ந்த குழந்தைகளின் கண்ணுக்குக் கொடிய காட்சிகளை அது பெரிதும் மறைத்தது. வறுமையின்றியே, விதியின்றியே, விருப்பத்தால் அவ்வடக்கத்தைக் கைக்கொள்வதுதான் சிராவகர் செய்யத்தக்கது.

திரையில் குருதி இல்லாத இப்படங்களும் இம்சையினின்று முற்றும் நீங்கியவை அல்ல என்பதையும் மறைக்கலாகாது. படச்சுருளின் மேற்பூச்சு ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. காதற் படமாயினும் பக்திப் படமாயினும் சுருளில் பதிந்த எல்லாப் படத்துக்கும் இது பொருந்தும். உண்பவர் இருப்பதாலேயே கொல்பவர் இருக்கிறார் என்று புலால் உண்ணும் பௌத்தரோடு நீலகேசி வாதிட்டதை நம்மவர் அறிவர். பார்ப்பவர் இருப்பதாலேயே படமும், படம் இருந்ததாலேயே சுருளும் இருந்தன. துப்பறிவார் சுட்டிக்காட்டும் ஒரே கையோடு கணக்கு முடிவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மூன்று வினாக்கள்

அப்படியாயின் இவற்றைப் பார்க்கலாமா, கூடாதா? விரதம் பூண்டவர்க்கும் நோன்பு நாட்களில் உள்ளவர்க்கும் இவை வேண்டா, அதில் ஐயமில்லை. மற்றையோரைப் பொறுத்தவரை, தடுத்து நிறுத்துவதால் மட்டும் பயனில்லை. தடை செய்யப்பட்டது அடுத்த அறையில் கைப்பேசியில் ஓடும். ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற ஒரு பாடம் இங்கே உதவும்: பிள்ளை எதைப் பார்த்தது என்பதைவிட, பார்த்த பின் அதனிடம் என்ன கேட்கப்பட்டது என்பது மனத்தில் ஆழமாகப் பதியும்.

ஆகவே பேரனோ பேத்தியோ இத்தகைய படம் பார்த்து முடித்ததும், பெரியோர் அருகில் அமர்ந்து மூன்று வினாக்கள் கேட்கட்டும். இறந்தவர் பெயர் என்ன, அவருக்காக வருந்தியவர் யார்? கொன்றவரைத் தவிர, அவர் இறக்க வேண்டுமென்று விரும்பியவர் எத்தனை பேர்? அவர் இறந்தபோது உன் மனம் என்ன நினைத்தது? முதல் வினா இறப்பை மீண்டும் இறப்பாக்கும். இரண்டாம் வினா நூற்றெட்டுக் கணக்கைக் கதை வழியே கற்பிக்கும். மூன்றாம் வினாவுக்குப் பிள்ளை உடனே விடை சொல்லாது; சொல்ல வேண்டுமென்று வற்புறுத்தவும் கூடாது. அவ்வினாவைப் பெரியோர் தமக்கும் போட்டுக்கொள்வது நன்று. நாளிதழைப் படித்து மடித்து வைக்கும்போதும் இம்மூன்றையும் கேட்டுக்கொள்ளலாம்.

பிரதிக்கிரமணம் செய்யும்போது, செய்தவற்றுக்கும் செய்வித்தவற்றுக்கும் உடன்பட்டவற்றுக்கும் வருந்துகிறோம். முதல் இரண்டையும் எளிதில் நினைவுகூர்கிறோம். நம்மில் பெரும்பாலார்க்கு அப்பட்டியல் சிறியதாகவே இருக்கும். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் விரைந்துவிடுகிறது. அங்கே சற்று நின்று, அன்றைய நாளில் எவர் இறப்பைச் செய்தியாக மட்டும் கேட்டோம், எவர்மேல் சான்றின்றி ஐயம் கொண்டோம், எவர் வீழ்ச்சியில் உள்ளூர நிறைவு கொண்டோம் என்று எண்ணிப் பார்ப்போமாக.